சிகிச்சைத் தோட்டத்தில் ஏதோ சரியில்லையா? அறிகுறி வாரியாக என்ன பார்ப்பது

வேலூரில் ஒரு கூட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறோம். பக்கவாதத்திலிருந்து தேறுகிறவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள், கை கால் மரத்துப்போனவர்கள், அக்கம்பக்கத்து வயதானவர்கள் என்று பலரும் இங்கே வேலை செய்கிறார்கள். புதிதாகப் பொறுப்பேற்கும் தன்னார்வலர்கள் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

வீட்டுத் தோட்டத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே செடியில் தெரிகிற கோளாறுக்குப் பல நேரம் காரணம் ஆட்களை வைத்து வேலையைப் பிரித்த விதத்தில் இருக்கும். ஆளிடம் தெரிகிற கோளாறுக்குக் காரணம் கருவியிலோ, நேரத்திலோ, உட்காரும் இடத்திலோ இருக்கும். அதனால் மருந்தைத் தேடுவதற்கு முன்னால் ஏற்பாட்டைப் பாருங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணத்தை முதலில் சொல்லியிருக்கிறேன்.

## காலையில் நன்றாக இருந்த செடி மதியம் தொங்கிப்போகிறது

சாயங்காலம் நிமிர்ந்துவிடுகிறதா? அப்படியென்றால் அது வெறும் வெயில் வாட்டம். கத்திரி வெயிலில் பூசணி, பீர்க்கை இலையெல்லாம் மதியம் தொங்கத்தான் செய்யும். பதறிப்போய் உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் விட்டுவிடலாம்.

சாயங்காலமும் தொங்குகிறது என்றால் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் எங்கள் தோட்டத்தில் அடிக்கடி நடப்பது இதற்கு நேர்மாறு. மண் சேறாக இருக்கும், முகர்ந்தால் புளித்த வாடை வரும். தண்ணீர் ஊற்றுவது எல்லோருக்கும் பிடித்த வேலை, செய்ததும் மனசுக்கு நிறைவாக இருக்கும். அதனால் ஒரே பாத்திக்கு மூன்று பேர் மூன்று முறை ஊற்றிவிடுகிறார்கள். மறதி உள்ளவர்கள் தானே இரண்டாம் முறையும் ஊற்றுவதுண்டு. யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. பாத்தி ஓரத்தில் ஒரு பழைய டப்பாவை வையுங்கள். ஊற்றியவர் அதைக் கவிழ்த்துவிட்டுப் போகட்டும். கவிழ்ந்திருந்தால் அன்றைக்குத் தண்ணீர் ஆயிற்று. மறுநாள் காலையில் பொறுப்பாளர் நிமிர்த்தி வைப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது புரியும். தொட்டியாக இருந்தால் அடி ஓட்டையை ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள், வேர் அடைத்திருக்கும்.

இலை ஓரம் கருகி, மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்றால் போர்த் தண்ணீர் உப்பு. பாலாற்றுப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோதிக்க எளிய வழி: ஒரே வயதுள்ள இரண்டு தொட்டிகளை எடுத்து, ஒன்றுக்கு வழக்கமான தண்ணீரும் மற்றதற்குப் பிடித்து வைத்த மழைத் தண்ணீரும் இரண்டு வாரம் ஊற்றுங்கள். மழைத் தண்ணீர்த் தொட்டியின் புது இலை கருகாமல் வந்தால் சந்தேகம் தீர்ந்தது. அப்புறம் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் (EC, dS/m அலகில்) 0.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை நம்பிக் காய்கறி போட வேண்டாம். இடையில் இருந்தால் பயிரை மாற்றுங்கள். பீன்ஸ் சுத்தமாகத் தாங்காது, பீட்ரூட் ஓரளவு தாங்கும்.

இடம் பழைய தோல் பதனிடும் கூடத்துக்கு அருகில் என்றால், கீரை விதைப்பதற்கு முன்பே மண்ணையும் தண்ணீரையும் குரோமியத்துக்காகப் பரிசோதிக்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் இது கட்டாயம். தோல் கழிவு பாலாற்றுத் தண்ணீரைக் கெடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன பகுதி இது. நோயிலிருந்து தேறுகிறவர்கள் சாப்பிடப்போகும் கீரை என்பதால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். முடிவு வரும்வரை பூச்செடி மட்டும் போதும்.

மண் ஈரம் சரி, தண்ணீரும் சரி, ஆனால் தக்காளியோ கத்தரியோ பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் சாய்ந்துவிட்டது என்றால் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. முடிச்சு இல்லையென்றால் தண்டின் அடியில் இரண்டு விரல் நீளத்துக்குத் துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுனை தண்ணீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் நிறத்தில் இழை இழையாக இறங்கினால் பாக்டீரியா வாடல் நோய். (இந்தச் சோதனையைத் தோட்டத்துக்கு வருகிறவர்களோடு சேர்ந்தே செய்யுங்கள். அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தவர்கள்கூட டம்ளர் பக்கத்தில் வந்து குனிந்து பார்ப்பார்கள்.)

நூற்புழுவுக்கு வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து, அந்தப் பாத்தியில் ஒரு பட்டம் செண்டுமல்லி போடலாம். பாக்டீரியா வாடலுக்கு மருந்தடித்துப் பலனில்லை. செடியை எரித்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் தவிர்த்து, மக்காச்சோளமோ வெங்காயமோ போடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: பயிரை மாற்றியும் அதே பாத்தியில் மறுபடி சாகிறது என்றால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். செத்த செடியைக் கொண்டுபோய்ப் பயனில்லை. பாதி வாடிய செடியை வேரோடும் வேர் மண்ணோடும் ஈரத் தாளில் சுற்றி எடுத்துப்போக வேண்டும்.

## விதை முளைக்கவில்லை, முளைத்ததும் சாய்கிறது

விதையைக் குறை சொல்வதற்கு முன் மண்ணைக் கிளறி விதை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கை நடுங்குகிறவரும் கண் மங்கியவரும் கீரை விதையை விரல் ஆழத்துக்கு அழுத்திவிடுவார்கள். விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழம் போதும், கீரை விதைக்குத் தூவி மேலே லேசாக மண் போட்டாலே போதும். அப்படிப்பட்டவர்களுக்குக் கீரை விதையை மணலோடு கலந்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் கொடுங்கள். இல்லையென்றால் அவரை, வெண்டை, பூசணி மாதிரி கையில் பிடிபடும் விதையாகக் கொடுத்துவிடுங்கள். ஒருவருக்கு முதல் விதைப்பு முளைப்பது மிக முக்கியம், அது தவறினால் இரண்டாம் முறை வரத் தயங்குவார்.

விதையே காணோம் என்றால் எறும்பு. சுற்றிலும் நொய் தூவி வையுங்கள், அது நொய்யைத் தூக்கிப் போகும். முளைத்த நாற்று அடித்தண்டு மெலிந்து சாய்ந்தால் நாற்றழுகல். தண்ணீரைக் குறைத்து, அடுத்த முறை விதைக்கு ஒரு கிலோவுக்கு 10 கிராம் என்ற கணக்கில் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாப் பொடி) கலந்து விதையுங்கள். நிபுணரெல்லாம் இதற்குத் தேவையில்லை.

## கத்தரிக்காயில் ஓட்டை, நுனி வாடல்

வாடிய நுனியை ஒரு விரல் நீளம் கீழே சேர்த்து வெட்டிப் பிளந்தால் உள்ளே புழு இருக்கும். வாரம் இருமுறை நுனிகளையும் ஓட்டைக் காய்களையும் பறித்து அழிப்பது, ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் ஒரு இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, இந்த இரண்டும் எங்கள் அளவுத் தோட்டத்துக்குப் போதும். மாவுப்பூச்சி, அசுவினிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து அடிக்கலாம்.

புவிசார் குறியீடு வாங்கிய நம்ம இலவம்பாடி முள் கத்தரியைப் போட எல்லோருக்கும் ஆசை வரும். போடுங்கள், ஆனால் கை மரத்தவர்களின் பாத்தியில் வேண்டாம். காம்பு முள் குத்தினால் அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கடையில் வாங்கும் பூச்சிமருந்து எதையும் இந்தத் தோட்டத்தில் வைக்காதீர்கள். பூட்டிய அலமாரியிலும் வேண்டாம். வாழப் பிடிக்காத மனநிலையில் ஒருவர் வரக்கூடிய இடம் இது. அரளி, ஊமத்தை போன்ற விஷச் செடிகளையும் நடாதீர்கள், தானாக முளைத்தாலும் பிடுங்கிவிடுங்கள். அதனால் விளைச்சல் குறைந்தால் குறையட்டும்.

## வருகிறார், ஆனால் எதிலும் கை வைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்

இதற்குத்தான் அதிகமாகக் கேள்வி வருகிறது, அவசரப்பட்டு முடிவெடுப்பதும் இதில்தான்.

இடமும் நேரமும். நிழல் இருக்கிறதா, முதுகு சாய உட்கார இடம் இருக்கிறதா, கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா? பெண்கள் வாயே திறக்காமல் ஒதுங்குவதற்குக் கழிப்பறை இல்லாதது பெரிய காரணம். காலையில் தூங்கி வழிகிறார் என்றால் ராத்திரி மாத்திரையின் அசதியாக இருக்கலாம். சாயங்கால வேளைக்கு மாற்றிப் பாருங்கள்.

கொடுத்த வேலை. ஒரு பெரியம்மா தினம் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். களை எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "நாப்பது வருசமா அதத்தான் எடுத்துகினு கீறேன்பா. இங்க வந்தும் களைதானா?" என்றார். நியாயமான கேள்வி. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் குனிந்தவருக்குத் தோட்ட வேலை எப்படி ஆறுதலாக இருக்கும்? உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது கனகாம்பரம் என்றார். அதை அவர்தான் நட்டார், பறித்தார், தொடுக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். களை பக்கம் இன்றுவரை போகவில்லை, போகவும் வேண்டாம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: ஆபீசில் வேலை பார்த்தவர் மண்ணில் கை வைக்கக் கூசுவார். அவருக்கு விதைக் கணக்கு எழுதுவது, பெயர்ப் பலகை எழுதுவது என்று தொடங்குங்கள்.

ஆகவே, சும்மா இருப்பவரிடம் "என்ன செய்யலாம்" என்று பொதுவாகக் கேட்காமல் இரண்டு வேலையைக் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள். இரண்டும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உட்கார்ந்து பார்ப்பதும் வருகைதான். அதை வருகைப் பதிவில் குறைவாக எழுதாதீர்கள்.

எப்போது சிகிச்சையாளரிடம் சொல்வது: முன்பு செய்துகொண்டிருந்தவர் இரண்டு வாரமாக ஒதுங்குகிறார், சாப்பாடும் தூக்கமும் குறைந்திருக்கிறது என்றால் அவரைப் பார்க்கும் மருத்துவருக்கோ குடும்பத்துக்கோ சொல்லுங்கள். இருந்து என்ன பயன், சுமையாகிவிட்டேன் என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே, அவரைத் தனியாக விடாமல், கூடவே இருந்து சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைத் தோட்டத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள்.

## கையில் கொப்புளம், காலில் புண், ஆனால் "வலிக்கலையே" என்கிறார்

வலிக்கவில்லை என்று சொல்வதே இங்கே அபாய அறிகுறி. தொழுநோய் வந்து குணமானவர், சர்க்கரையால் பாதம் மரத்தவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் உணர்ச்சி குறைந்தவர் எல்லோருக்கும் இது பொருந்தும். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, உணர்ச்சி இல்லாத கையில் தெரியாமல் படும் காயங்கள்தான் விரல்களைத் தின்கின்றன என்பதை வேலூரில் இருந்துகொண்டு உலகத்துக்குக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையில் இன்றும் அந்த வழியில்தான் கையையும் காலையும் காக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த ஊரில் தோட்டம் நடத்திக்கொண்டு நாம் கொப்புளத்தை அலட்சியப்படுத்தக் கூடாது.

முதலில் கருவியைப் பாருங்கள். மெல்லிய கைப்பிடி என்றால் உணர்ச்சி இல்லாத கை அதைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் ஒரே இடத்தில் விழும். பழைய சைக்கிள் ட்யூபை கைப்பிடியில் நெருக்கமாகச் சுற்றித் தடிமனாக்குங்கள். செலவே இல்லை. அப்புறம் வெயிலில் கிடந்த களைக்கொத்து. பத்து மணி வெயிலிலேயே இரும்பு சுடும். நம் கை சட்டென்று விலகும், அவர் கை விலகாது. கருவிகளை எப்போதும் நிழலில், நிறம் அடித்த தொட்டியில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கால் என்றால் செருப்பு: எம்.சி.ஆர். செருப்போ (மெத்தென்ற ரப்பர் வைத்தது) ஷூவோ இல்லாமல் உள்ளே விடாதீர்கள், போடுவதற்கு முன் உதறிப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கல் ஒன்று போதும், புண் வர.

வேலை முடிந்ததும் கை கால் கழுவி, ஒருவர் கையை மற்றவர் பார்ப்பது என்று பழக்கிக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஒரு இடம் மட்டும் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருந்தால் அங்கே கொப்புளம் வரப்போகிறது. அந்தக் கைக்கு மறுநாள் ஓய்வு.

உடனே மருத்துவமனை: சிவப்பு பரவுவது, வீக்கம், நாற்றம், காய்ச்சல், சில நாளில் மூடாத புண். சர்க்கரை உள்ளவர்கள் மழைக்காலத்தில் திறந்த காயத்தோடு சேற்றில் இறங்கவே கூடாது. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் ஒரு கிருமி மெலியாய்டோசிஸ் என்ற கடும் நோயைக் கொடுக்கும், சர்க்கரைக்காரர்களையே அதிகம் பிடிக்கும். காய்ச்சலோடு போகும்போது தோட்டத்தில் மண் வேலை செய்தவர் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மழைக்குப் பிந்தைய மாதங்களில் விடாத காய்ச்சல், தலைவலி, அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருந்தால் ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நம் பகுதியில் அடிக்கடி வருவதுதான். சீக்கிரம் போனால் சாதாரண மாத்திரையிலேயே தீரும்.

## தலை சுற்றுகிறது, முகம் சிவக்கிறது

சாப்பிட்டாரா, தண்ணீர் குடித்தாரா? முதல் கேள்வி இதுதான். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

அடுத்தது மாத்திரை. மனநலச் சிகிச்சையில் கொடுக்கும் சில மருந்துகளும், அவற்றால் வரும் நடுக்கத்துக்காகக் கொடுக்கும் மாத்திரையும் வியர்வையைக் குறைக்கும், உடம்பு சூடு இறங்காது. குளோர்புரோமசின் சாப்பிடுகிறவருக்கு வெயிலில் தோல் சீக்கிரம் கன்றிவிடும். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். கை நடுக்கம் கூடி, வாந்தி, தள்ளாட்டம் என்று வந்தால் அன்றே மருத்துவமனைக்கு. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வேலை நம்முடையது அல்ல, நிழலும் தண்ணீரும் நேரமும்தான் நம் கையில்.

கழுத்து, மேல் மார்பு மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. ஈரத் துணியும் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் பக்கத்தில் இருக்கட்டும். அவருக்கு திடீரென்று மண்டை வெடிக்கிற தலைவலி, முகம் சிவந்து வியர்வை என்று வந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர் இறங்கப் போட்டிருக்கும் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். உடம்பு கொதித்துப் பேச்சுக் குழறினால், அது யாராக இருந்தாலும், தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108.

## நாற்காலியில் இருப்பவருக்குத் தோள் வலி

பாத்தி எட்டவில்லை. நீல டிரம்மை நீளவாக்கில் பாதியாக அறுத்து இரும்புத் தாங்கியில் வைத்தால் முழங்கால் உள்ளே போகும், நேராகப் பார்த்து வேலை செய்யலாம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்டுவதென்றால் அகலம் 60 செ.மீ.க்கு மேல் வேண்டாம். பாதை 90 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறையாவது இருக்கையிலிருந்து உடம்பைத் தூக்கி அழுத்தம் மாற்ற நினைவூட்டுங்கள், வேலை சுவாரசியத்தில் மறந்துபோவார்கள். இதையெல்லாம் செய்தும் வலி நிற்கவில்லை என்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்டை (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) ஒருமுறை தோட்டத்துக்கே அழைத்து வந்து காட்டுங்கள். அவரது அறையில் உட்கார்ந்து விவரித்தால் பாதிதான் புரியும்.

## பறித்த காயில் சண்டை

பெரும்பாலும் யார் பறிப்பது என்று முன்னாலேயே பேசாததுதான் காரணம். தனிப் பாத்தியில் விளைந்தது அவருக்கு, பொதுப் பாத்தியில் விளைந்தது அன்று வந்தவர்களுக்குச் சமமாக. உழவர் சந்தை விலை கணக்கெல்லாம் வேண்டாம், கூறு கட்டி வையுங்கள், போதும்.

## தொடர்ந்து வந்தவர் திடீரென்று நின்றுவிட்டார்

முதலில் அவர் பாத்தியைப் பாருங்கள். நிற்பதற்கு முன்பே செடி காய்ந்திருந்தால் அவருக்கு முடியாமல்போய் சில நாளாகிவிட்டது என்று அர்த்தம். செடி செழிப்பாக இருந்தால் பஸ், ஆட்டோக் காசு, வீட்டில் கல்யாணம், அறுவடை வேலை மாதிரி வெளிக் காரணமாக இருக்கும். இரண்டிலும் போன் செய்யுங்கள், எடுக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போங்கள். "ஏன் வரலை" என்று கேட்காமல் அவர் பாத்தியில் என்ன காய்த்திருக்கிறது என்று சொல்லுங்கள், முடிந்தால் கையில் எடுத்துப்போங்கள். சிகிச்சையையே நிறுத்திவிட்டார் என்று தெரிந்தால் அவரை அனுப்பிய மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் சொல்வது உங்கள் பொறுப்பு.

பாத்தியை உடனே வேறு ஒருவருக்குக் கொடுக்காதீர்கள். பக்கத்துப் பாத்திக்காரரிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி, பெயர்ப் பலகையை அப்படியே விட்டு வையுங்கள். ஒரு பருவம் முடியும்வரை காத்திருந்து, அப்போதும் வரவில்லை என்றால் அவரிடமே கேட்டுவிட்டு மாற்றிக் கொடுக்கலாம்.